ஜனாஸாவுக்கு வரும் வாகனங்கள்: பாதையின் உரிமையும் சாவி எனும் அமானிதமும்



ஒரு வீட்டில் மவ்த் நேர்ந்துவிட்டால் ஊரார் செய்ய வேண்டியவை எவை என்று மதரஸாவிலேயே படித்திருக்கிறோம். மய்யித்தைக் குளிப்பாட்டுதல், கஃபனிடுதல், ஜனாஸா தொழுதல், அடக்கம் செய்தல் ஆகிய நான்கும் ஃபர்ளு கிஃபாயா. சிலர் நிறைவேற்றினால் எல்லோர் மீதுள்ள கடமையும் நீங்கிவிடும். ஒருவருமே செய்யாவிட்டால் ஊர் முழுவதும் குற்றவாளியாகும். இந்த நான்கோடு இன்று புதிதாக ஒரு பொறுப்பும் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. ஜனாஸாவுக்கு வருகிறவர்களின் வாகனங்களை எங்கே நிறுத்துவது, யார் நிறுத்துவது, அதனால் பிறருக்குத் தொல்லை வராமல் எப்படிப் பார்த்துக்கொள்வது? இந்த மாதப் பாடத்தில் அதைப் பார்ப்போம்.

இது சின்ன விஷயம், போலீஸ்காரர் பார்த்துக்கொள்வார் என்று சிலருக்குத் தோன்றலாம். சமவெளியில் அப்படி விட்டுவிட முடியும். மலைப்பாதை ஊரில் முடியாது.

பர்லியாரில் இது ஏன் பெரிய விஷயம்?

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் மலைப்பாதையில் ஏறக்குறைய பாதி வழியில் இருக்கிறது பர்லியார். ஊரை ஒட்டி ஓடுவது தேசிய நெடுஞ்சாலை. ஒரு பக்கம் மலை, மறு பக்கம் பள்ளம், நடுவில் கொண்டை ஊசி வளைவுகள். குன்னூர், வெலிங்டன், ஊட்டியிலிருந்து அவசர நோயாளியைக் கோவைக்குக் கொண்டு செல்லும் ஆம்புலன்ஸ்களில் பெரும்பாலானவை இந்த வழியாகத்தான் இறங்குகின்றன. 1871-ஆம் ஆண்டு முதல் அரசு நடத்திவரும் பழப்பண்ணையும், சாலையோரப் பழக்கடைகளும் இருப்பதால் சுற்றுலா வண்டிகளும் இங்கே நிற்கும். மங்குஸ்தான், துரியன் காலத்தில் கேட்கவே வேண்டாம்.

இப்படிப்பட்ட இடத்தில் ஒரு ஜனாஸாவுக்கு முப்பது கார்களும் ஐம்பது இருசக்கர வாகனங்களும் ஒரே மணி நேரத்தில் வந்தால் என்ன ஆகும்? முதலில் வந்தவர் வீட்டு வாசலில் நிறுத்துவார். அடுத்தவர் அவருக்குப் பின்னால், அதற்கடுத்தவர் எதிர்ப்புறத்தில் நிறுத்துவார். இரண்டு பக்கமும் வண்டி நின்றால் நடுவே ஒரு பேருந்து போவதற்குத்தான் இடம் இருக்கும். எதிரே ஒரு லாரி வந்துவிட்டால் அதுவும் இல்லை. கீழே கல்லாறு வரைக்கும் வண்டிகள் தேங்கி நிற்க அதிக நேரம் தேவைப்படாது.

இந்தப் பாதை எவ்வளவு கடினமானது என்பதற்கு இரண்டு நிகழ்வுகளை நினைவூட்டுகிறோம். 2021 டிசம்பர் 8 அன்று குன்னூர் அருகே நஞ்சப்பசத்திரத்தில் விமானப்படை ஹெலிகாப்டர் விழுந்து, முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உட்பட 13 பேர் அன்றே உயிரிழந்தனர். மறுநாள் வெலிங்டனில் அஞ்சலி முடிந்து, உடல்கள் ஆம்புலன்ஸ்களில் இதே பாதை வழியாகத்தான் சூலூர் விமானப்படைத் தளத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டன. போலீஸ் பாதுகாப்பு இருந்தது, மற்றப் போக்குவரத்தும் ஒழுங்குபடுத்தப்பட்டிருந்தது. அப்படியிருந்தும் அணியில் சென்ற வாகனங்கள் வழியில் சிறு விபத்துக்குள்ளாயின. ஓர் உடலை வேறு ஆம்புலன்ஸுக்கு மாற்ற வேண்டியதாயிற்று. 2023 செப்டம்பர் 30 அன்று மரப்பாலம் அருகே சுற்றுலாப் பேருந்து பள்ளத்தில் கவிழ்ந்து 9 பேர் இறந்தனர். அரசே ஏற்பாடு செய்த இறுதிப் பயணத்துக்கே இடர் வந்த பாதையில், ஒரு சிற்றூர் ஜனாஸாவுக்கு ஒழுங்கு வேண்டாம் என்று சொல்ல முடியுமா?

மார்க்கம் நமக்குக் கற்றுத் தருவது

ஜனாஸாவில் கலந்துகொள்வது ஒரு முஸ்லிம் மற்றொரு முஸ்லிமுக்குச் செய்ய வேண்டிய ஐந்து கடமைகளில் ஒன்று என்று நபி (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள். தொழுகை வரை இருந்தவருக்கு ஒரு கீராத்தும், அடக்கம் முடியும் வரை இருந்தவருக்கு இரண்டு கீராத்தும் நன்மை உண்டு. அந்த இரண்டும் இரு பெரிய மலைகளைப் போன்றவை என்றும் விளக்கினார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இந்த ஹதீஸ்கள் உள்ளன. ஆகவே வருகிறவர்களைக் குறைப்பது நம் நோக்கமன்று. வருகிறவர்கள் அந்த நன்மையை முழுமையாக எடுத்துச் செல்ல வேண்டும் என்பதே நோக்கம். ஒரு மலை அளவு நன்மைக்காக வந்துவிட்டு, வழியை அடைத்த பாவத்தோடு திரும்பக் கூடாதல்லவா?

பாதைக்கு உரிமை உண்டு என்பதும் நபிமொழிதான். தெருவில் அமர்வதைத் தவிர்க்கச் சொன்னபோது, எங்களுக்கு அது தவிர்க்க முடியாதது என்று ஸஹாபாக்கள் கூறினார்கள். அப்படியானால் பாதைக்குரிய உரிமையைக் கொடுங்கள் என்றார்கள் நபி (ஸல்) அவர்கள். பார்வையைத் தாழ்த்துதல், ஸலாமுக்குப் பதில் சொல்லுதல் ஆகியவற்றோடு, பிறருக்குத் தொல்லை தராதிருத்தலையும் அந்த உரிமைகளில் ஒன்றாக எண்ணிக் காட்டினார்கள். சும்மா உட்கார்ந்திருப்பவருக்கே இந்தக் கட்டளை என்றால், ஒரு டன் எடையுள்ள காரை நிறுத்திவிட்டுப் போகிறவருக்கு எவ்வளவு பொருந்தும்?

அபூதாவூதில் முஆத் பின் அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு செய்தி இன்னும் கடுமையானது. ஒரு படைப் பயணத்தில் மக்கள் தங்குமிடங்களை நெருக்கி, வழியையும் அடைத்துக்கொண்டார்கள். உடனே நபி (ஸல்) அவர்கள் ஒருவரை அனுப்பி, இவ்வாறு இடத்தை நெருக்குபவருக்கும் வழியை அடைப்பவருக்கும் ஜிஹாதின் நன்மை இல்லை என்று அறிவிக்கச் செய்தார்கள். எவ்வளவு பெரிய அமலுக்கு வந்தவர்கள் அவர்கள்! வழியை அடைத்த ஒரே காரணத்தால் அந்த அமலே கேள்விக்குள்ளானது. ஜனாஸாவுக்கு வந்ததால் சாலையை அடைக்கலாம் என்று நினைப்பவர் இந்தச் செய்தியை ஒருமுறை நினைத்துப் பார்க்கட்டும்.

பயணத்தில் இரவு தங்கும்போது பாதையை விட்டு விலகித் தங்குமாறும், இரவில் அது பிராணிகள் நடமாடும் வழி என்றும் நபி (ஸல்) அவர்கள் கூறியது முஸ்லிமில் பதிவாகியுள்ளது. கல்லாறு, பர்லியார் பகுதியில் பலாக் காலத்தில் யானைகள் சாலைக்கு வருவதை அறிந்த நமக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. மஃரிபுக்குப் பிறகு சாலையோரத்தில் ஆளில்லாமல் கார் நிற்பது யானைக்கும் இடைஞ்சல், காருக்கும் ஆபத்து.

வாகனத்தில் ஜனாஸாவைத் தொடரலாமா என்று கேட்பவர்களுக்கும் வழிகாட்டுதல் உண்டு. வாகனத்தில் வருபவர் ஜனாஸாவுக்குப் பின்னால் வர வேண்டும், நடப்பவர் விரும்பிய பக்கத்தில் நடக்கலாம் என்பது திர்மிதியிலும் அபூதாவூதிலும் உள்ள செய்தி. ஒரு ஜனாஸாவில் வாகனம் கொண்டுவரப்பட்டபோது நபி (ஸல்) அவர்கள் ஏறவில்லை. மலக்குகள் நடந்து வரும்போது தாம் ஏறிச் செல்வது தகாது என்று கருதினார்கள். திரும்பும்போது ஏறிக்கொண்டார்கள் என்று ஸவ்பான் (ரலி) அறிவிக்கிறார்கள். ஆக, முடிந்தவர் நடப்பது சிறப்பு. முதியவர், நோயாளி, தொலைவிலிருந்து வருபவர் வாகனத்தில் வருவதில் குற்றமில்லை. ஆனால் ஜனாஸா வண்டியை முந்திக்கொண்டு போய் மய்யவாடி வாசலில் இடம் பிடிப்பது சுன்னத்துக்கு நேர் எதிரானது.

கல்யாண மண்டபமும் ஜனாஸா வீடும்

கோவை, சென்னை போன்ற ஊர்களில் பெரிய மண்டபங்களிலும் ஹோட்டல்களிலும் ‘வாலே பார்க்கிங்’ என்ற சேவை உண்டு. வாசலில் இறங்கி ஊழியரிடம் சாவியைக் கொடுத்தால், அவர் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டுச் சீட்டுக் கொடுப்பார். புறப்படும்போது சீட்டைக் காட்டினால் வண்டி வாசலுக்கு வரும். வெளிநாடுகளில் இறுதிச் சடங்குகளுக்கும் நினைவுக் கூட்டங்களுக்கும் இதையே தொழிலாகச் செய்யும் நிறுவனங்கள் இருக்கின்றன. துக்கத்தில் இருப்பவர் இடம் தேடி அலையாமல் இருக்கட்டும் என்பதுதான் அதன் அடிப்படை. அந்த எண்ணம் நல்லதே.

ஆனால் அதை அப்படியே நம் ஊருக்குக் கொண்டுவருவதில் ஓர் ஆபத்து உண்டு. மூத்தா போரில் ஜஅஃபர் (ரலி) ஷஹீதான செய்தி வந்தபோது, அவர் குடும்பத்தாருக்கு உணவு சமைத்துக் கொடுக்குமாறு நபி (ஸல்) அவர்கள் மற்றவர்களிடம் சொன்னார்கள். துக்க வீட்டுக்கு ஊரார் செலவு செய்ய வேண்டும், துக்க வீடு ஊராருக்குச் செலவு செய்யக்கூடாது என்பது இதிலிருந்து கிடைக்கும் பாடம். வசதியான ஒருவர் தம் தந்தையின் ஜனாஸாவுக்குச் சீருடை அணிந்த ஆட்களை வாடகைக்கு அமர்த்தினால், அடுத்த மாதம் மவ்த்தான தோட்டத் தொழிலாளியின் வீட்டாருக்கு அது ஒரு சுமையாகும். பந்தல், சாப்பாடு, நாற்காலி என்று ஏற்கனவே வந்து சேர்ந்த சுமைகள் போதாதா?

ஆகவே எங்கள் பரிந்துரை இதுதான். வாகன ஒழுங்கை ஜமாஅத் இளைஞர்கள் சேவையாகச் செய்யட்டும். எல்லா வீட்டுக்கும் ஒரே அளவில் செய்யட்டும். துக்க வீட்டாரிடம் ஒரு ரூபாயும் வாங்க வேண்டாம். வருகிறவரிடம் அன்பளிப்பும் வேண்டாம். டார்ச், ஒளிரும் மேலுடுப்பு, டோக்கன் ஆகியவற்றை ஜமாஅத்தின் பொது நிதியிலிருந்து ஒருமுறை வாங்கி, கஃபன் துணி, சந்தூக்கு இருக்கும் இடத்திலேயே வைத்துவிடலாம்.

சாவி ஓர் அமானிதம்

பிறர் வண்டியின் சாவி நம் கைக்கு வரும் நொடியில் நாம் அமானிதத்தைச் சுமக்கிறோம். அமானிதங்களை உரியவரிடம் ஒப்படைக்குமாறு அல்லாஹ் கட்டளையிடும் நிஸா அத்தியாயத்தின் 58-ஆம் வசனத்தை விளக்கும்போது, தஃப்ஸீர் ஆசிரியர்கள் ஒரு சாவியின் நிகழ்ச்சியைத்தான் கூறுகிறார்கள். ஹிஜ்ரி 8-இல் மக்கா வெற்றியின்போது கஅபாவின் சாவி உஸ்மான் பின் தல்ஹா அவர்களிடம் இருந்தது. நபி (ஸல்) அவர்கள் அதை வாங்கிக் கதவைத் திறந்து உள்ளே சென்றார்கள். வெளியே வந்தபின் வேறு யாருக்கும் தராமல் அவரிடமே திருப்பிக் கொடுத்தார்கள். அந்தக் குலத்தைச் சேர்ந்த பனூ ஷைபா குடும்பத்தாரிடமே இன்றுவரை அந்தச் சாவி இருந்து வருகிறது. மக்கா முழுவதும் வசமான நாளில்கூடச் சாவி உரியவரிடமே போய்ச் சேர்ந்தது.

ஃபிக்ஹு நூல்களில் ‘வதீஆ’ என்ற பாடம் இருக்கிறது. கூலியின்றிப் பிறர் பொருளைப் பாதுகாப்பவர், தம் அலட்சியமோ வரம்பு மீறலோ இல்லாமல் அது சேதமானால் ஈடு கொடுக்க வேண்டியதில்லை. அலட்சியம் இருந்தாலும், உரிமையாளர் அனுமதியின்றிப் பொருளைப் பயன்படுத்தினாலும் ஈடு கொடுக்கும் பொறுப்பு வந்துவிடும். ‘சும்மா டீ வாங்கிட்டு வந்துடறேன்’ என்று விருந்தாளியின் காரை எடுத்துச் செல்லும் தம்பி இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். கூலி வாங்கிக்கொண்டு பலருக்கும் வேலை செய்பவர் விஷயத்தில் ஹனஃபி மத்ஹபிலேயே இரு கருத்துகள் உண்டு. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் அவரையும் அமானிதக்காரராகவே கருதினார்கள். அவர்களுடைய மாணவர்களான அபூயூசுஃப், முஹம்மத் (ரஹ்) இருவரும், தடுக்க இயலாத காரணம் தவிர மற்றவற்றில் அவர் ஈடு தர வேண்டும் என்றார்கள்.

நாட்டின் சட்டமும் இதற்கு நெருக்கமாகவே இருக்கிறது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 151-ஆம் பிரிவின்படி, பிறர் பொருளை ஒப்புக்கொண்டவர், சாதாரண விவேகமுள்ள ஒருவர் தம் சொந்தப் பொருளைப் பாதுகாப்பதுபோல் அதைப் பாதுகாக்க வேண்டும். கூலி வாங்கினாலும் வாங்காவிட்டாலும் இது பொருந்தும்.

2019 நவம்பர் 14 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு ஒன்றையும் நம் இளைஞர்கள் அறிந்திருப்பது நல்லது. 1998 ஆகஸ்ட் 1 இரவு, டெல்லி தாஜ்மஹால் ஹோட்டலுக்கு மாருதி ஜென் காரில் வந்த ஒருவர் வாலே ஊழியரிடம் சாவியைக் கொடுத்தார். அவர் திரும்பி வருவதற்குள், தங்கள் வண்டியைக் கேட்டு வந்த இளைஞர்களில் ஒருவன் அவருடைய சாவியை எடுத்துக்கொண்டு காரைத் திருடிச் சென்றுவிட்டான். ‘உரிமையாளரின் பொறுப்பில்’ என்று சீட்டில் அச்சிட்டிருந்ததை ஹோட்டல் சுட்டிக்காட்டியது. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. தன் அலட்சியத்தால் நேர்ந்த இழப்பிலிருந்து சீட்டில் ஒரு வரி அச்சிட்டுத் தப்பிக்க முடியாது, தக்க கவனம் எடுத்ததை ஒப்படைப்புப் பெற்றவரே காட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. நமக்கான பாடம்: சாவியை யார் கையும் எட்டும் மேசையில் வைக்காதீர்கள்.

செய்முறை: ஐந்து பேர் போதும்

மவ்த் செய்தி அறிவிக்கும்போதே வாகனம் நிறுத்தும் இடத்தையும் சேர்த்து அறிவிக்க வேண்டும். வாட்ஸ்அப் செய்தியில் ஜனாஸா தொழுகை நேரத்துக்கு அடுத்த வரி அதுவாக இருக்கட்டும். மேட்டுப்பாளையம், குன்னூர் பக்கமிருந்து வருபவர்கள் தனித்தனிக் கார்களில் வராமல் ஒரு வேனிலோ பேருந்திலோ வரலாம் என்றும் சொல்லுங்கள்.

வெளி மாவட்ட உறவினருக்கு இன்னொரு செய்தியும் தேவை. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்குள் வரும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் நடைமுறையில் உள்ளது. 2025 கோடையில் வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று வரம்பும் விதிக்கப்பட்டது. சோதனைச் சாவடியில் நின்று தொழுகையைத் தவறவிடாமல் இருக்க, புறப்படும் முன்பே பாஸ் எடுத்துவிடச் சொல்லுங்கள். ஜனாஸாவை விரைவுபடுத்துவது நபிவழி. உறவினர் ஒருவர் சாவடியில் நிற்கிறார் என்று அடக்கத்தைத் தாமதிப்பது சரியன்று.

நிற்க வேண்டிய ஐந்து பேரில் இருவர் ஊருக்கு மேலும் கீழும் வளைவுக்கு முன்னால் நின்று வருகிற வண்டிகளை எச்சரிக்கட்டும். ஒருவர் வீட்டு வாசலில், ஒருவர் நிறுத்துமிடத்தில், ஒருவர் சாவிப் பொறுப்பில் இருக்கட்டும். விசில் வேண்டாம். துக்க வீட்டில் ஓதும் சத்தமும் அழுகையும் கேட்கும் நேரத்தில் கையசைவும் டார்ச்சும் போதும். உள்ளூர்க் காவல் நிலையத்துக்கு முன்கூட்டியே ஒரு தொலைபேசித் தகவல் சொல்லிவிடுங்கள்.

பெரும்பாலோர் தம் வண்டியைத் தாமே நிறுத்தட்டும். நாம் இடம் காட்டினால் போதும். முதியவர், கைக்குழந்தையோடு வரும் பெண்கள், நடக்க இயலாதவர் ஆகியோரின் வண்டியை மட்டும் நாம் வாங்கி நிறுத்தலாம். அப்படி வாங்கும்போது:

1. ஓட்டுபவர் 18 வயது நிரம்பியவராக, செல்லுபடியாகும் உரிமம் வைத்திருப்பவராக, மலைப்பாதையில் பழகியவராக இருக்க வேண்டும். சிறுவன் ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 199ஏ பிரிவின்படி பெற்றோருக்கு அல்லது வண்டி உரிமையாளருக்கு 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு.
2. இரட்டை டோக்கன்: ஒன்று சாவியில், ஒன்று உரிமையாளர் கையில். நோட்டில் வண்டி எண், நேரம், வாங்கியவர் பெயர்.
3. உரிமையாளர் முன்னிலையில் வண்டியின் நான்கு பக்கமும் கைபேசியில் படம். நகை, பணம், கைபேசி எதையும் உள்ளே விடச் சொல்லாதீர்கள்.
4. சாவிகள் பூட்டுள்ள ஒரே பெட்டியில், ஒரே ஆளிடம். அவர் தொழுகைக்குச் செல்லும்போது பெட்டியைப் பூட்டித் தம்முடனே எடுத்துச் செல்லட்டும்.
5. டோக்கன் இல்லாமல், தெரிந்த முகம் என்பதற்காகச் சாவி தரக்கூடாது.

வளைவு, பாலம், மேட்டின் உச்சி, பேருந்து நிறுத்தம், ஏற்கனவே ஒரு வண்டி நிற்பதன் நேர் எதிர்ப்புறம் ஆகிய இடங்களில் நிறுத்தவே கூடாது. பள்ளத்துப் பக்கச் சாலையோர மண் மழைக்காலத்தில் இளகியிருக்கும், அங்கும் வேண்டாம். மலைச்சுவர்ப் பக்கம் நிறுத்தி, கை பிரேக் போட்டு, ஏற்றம் பார்த்து நின்றால் முதல் கியரிலும் இறக்கம் பார்த்து நின்றால் ரிவர்ஸ் கியரிலும் விடுங்கள். வண்டி நகர்ந்தாலும் மலைச்சுவரில் முட்டி நிற்கும்படி சக்கரங்களைத் திருப்பி வையுங்கள். சக்கரத்துக்குக் கல் வைத்தால், வண்டி எடுத்ததும் அந்தக் கல்லை அகற்றிவிடுங்கள். பாதையில் கிடந்த முட்கிளையை அகற்றிய ஒருவரை அல்லாஹ் மன்னித்ததாக ஹதீஸ் இருக்கிறது. நாமே வைத்த கல்லை இருட்டில் விட்டுப்போய் ஒரு இருசக்கர வாகனக்காரர் விழுந்தால், அந்தப் பாவம் யாருடையது?

ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் எல்லா வேலையும் நிற்கட்டும், வழி திறக்கட்டும். 194இ பிரிவின்படி அவசர வாகனத்துக்கு வழிவிடாதவருக்கு 10,000 ரூபாய் அபராதமோ 6 மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். சட்டம் இல்லாவிட்டாலும் ஒன்றை நினைவில் வையுங்கள். நாம் ஒரு மவ்த்துக்காகக் கூடியிருக்கிறோம். நம்மால் இன்னொரு வீட்டில் மவ்த் நேர்ந்துவிடக்கூடாது.

தஃஸியத் நாட்களில்

அடக்கத்தன்று வரும் கூட்டத்தைவிட, அடுத்த நாட்களில் ஆறுதல் சொல்ல வருபவர்களால்தான் அக்கம்பக்கத்தாருக்குத் தொல்லை அதிகம். யாரும் ஒழுங்குபடுத்த நிற்பதில்லை. பழக்கடை முன்னால் கார், பள்ளிக்கூட வேன் திரும்பும் இடத்தில் பைக். தன் தொல்லையிலிருந்து அண்டை வீட்டார் அச்சமற்று இருக்க முடியாதவர் முழுமையான முஃமின் அல்லர் என்ற நபிமொழியில், அந்த அண்டை வீட்டார் எந்தச் சமயத்தவர் என்ற பாகுபாடு இல்லை. வாகனம் நிறுத்தத் தம் முற்றத்தைத் தந்த மாற்றுமத அண்டை வீட்டாருக்கு ஜமாஅத் சார்பில் ஒருவர் நேரில் சென்று நன்றி சொல்லட்டும். அங்கே சிந்திய குப்பையையும் நாமே பெருக்கிவிட வேண்டும். தஃஸியத்துக்கு வருபவர் சுருக்கமாக ஆறுதல் சொல்லி, துஆ செய்துவிட்டுப் புறப்படுவதே அந்த வீட்டாருக்கும் சாலைக்கும் நல்லது.

ஜும்ஆவுக்குப் பின் பேசிக்கொள்ள

1. நம் மஹல்லாவில் ஜனாஸா வந்தால் வண்டி நிறுத்த எத்தனை இடம் உண்டு? உரிமையாளரிடம் முன்கூட்டியே அனுமதி கேட்டிருக்கிறோமா?
2. உரிமம் உள்ள, பொறுப்பான ஐந்து இளைஞர்கள் யார்? அவர்கள் வெளியூரில் இருந்தால் பதிலுக்கு யார்?
3. நம் வீட்டில் மவ்த் நேர்ந்தால், செலவில்லாமல் எளிமையாக நடத்த வேண்டும் என்று நாம் இன்றே குடும்பத்தாரிடம் சொல்லியிருக்கிறோமா?

ஜனாஸாவைச் சுமந்து செல்லும் தோள்களுக்கு உள்ள நன்மையில், அந்த ஜனாஸாவுக்கு வழி திறந்து நின்ற கைகளுக்கும் பங்கு கிடைக்க வல்ல ரஹ்மான் அருள் புரிவானாக. நமக்கு முன் சென்றவர்களின் கப்ருகளை அவன் விசாலமாக்குவானாக. ஆமீன்.